கோல்கீப்பர் சம்பளம்: 12 வருஷ கரியரை வச்சு 38 வருஷத்தை ஓட்ட முடியுமா?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, தங்கமும் இல்ல. கோல்கீப்பர் பத்திப் பேசப் போறோம். என்னடா இது, ஃபைனான்ஸ் பக்கத்துல ஃபுட்பாலான்னு நினைக்காதீங்க. சம்பளத்தை நம்பி லோன் போடுற எல்லாருக்கும் இதுல கணக்கு இருக்கு.

திண்டுக்கல்ல இருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுல அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். கையில வர்றது 26,000. அவரோட தம்பிக்கு 21 வயசு, கோல்கீப்பர். வெளிமாநில கிளப் ஒண்ணு ஒரு சீசனுக்குக் கூப்பிட்டிருக்கு. 10 மாசம், மாசம் 35,000, தங்குற இடமும் சாப்பாடும் கிளப் பொறுப்பு. வீட்டுல ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துல அப்பா ஒரு யோசனை சொல்லியிருக்கார்: "ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, 12 லட்சம் லோன் போட்டு மாடி கட்டிடலாம்." அம்மா இன்னொரு பக்கம், "கிளப்பெல்லாம் வேண்டாம், போலீஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்காம், அதுக்குப் படிக்கட்டும்"ங்கிறாங்க. நண்பர் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணே, லோன் போடலாமா? தம்பியை அனுப்பலாமா?"

ரெண்டும் வேற வேற கேள்வி. ரெண்டுக்கும் பதில் சொல்றதுக்கு முன்னாடி, கோல்கீப்பர்ங்கிற வேலை எப்படி ஓடுதுன்னு பார்த்துடுவோம்.

2025 ஆகஸ்ட்ல பெங்களூருல நடந்தது

குர்பிரீத் சிங் சந்து. இந்திய அணியோட கோல்கீப்பர். 2014ல ஈஸ்ட் பெங்கால் கிளப்பை விட்டுட்டு நார்வே நாட்டு ஸ்டாபேக் கிளப்புக்குப் போனார். 2016ல யூரோப்பா லீக் ஆட்டத்துல இறங்கினார். அந்தப் போட்டியில ஆடின முதல் இந்தியர் அவர்தான். 2017ல பெங்களூரு எஃப்சி. 2019ல அர்ஜுனா விருது. நம்ம நாட்டுல ஒரு கோல்கீப்பர் எட்டக்கூடிய உயரம்னா அது இதுதான்.

2025 ஆகஸ்ட்ல அதே பெங்களூரு எஃப்சி ஒரு அறிக்கை விட்டுச்சு. முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் எல்லாருடைய சம்பளமும் காலவரையறை இல்லாம நிறுத்தி வைக்கப்படுது. காரணம், வீரர்கள் யாரும் மோசமா ஆடினது இல்ல. ஐஎஸ்எல் லீக்கை நடத்துற நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010ல போட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர்ல முடியுது, புதுப்பிக்கிறது உறுதியாகல. அதனால ஜூலை மாசமே சீசனை ஹோல்டுல போட்டுட்டாங்க. லீக் நடக்குமான்னே தெரியாதப்போ கிளப் எதுக்குச் சம்பளம் கொடுக்கும்? நம்ம சென்னையின் எஃப்சியும் அதே வாரத்துல செயல்பாட்டை நிறுத்தி வச்சது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, நாம ரிஸ்க்னு நினைக்கிறது எப்பவும் "நான் சரியா வேலை செய்யலைன்னா வேலை போயிடும்"ங்கிறதைத்தான். இங்க நாட்டோட நம்பர் ஒன் ஆட்டக்காரர், அவர் வேலையில குறையே இல்ல, அவர் கையெழுத்தே போடாத வேற ஒரு ஒப்பந்தம் காலாவதி ஆகப் போனதால சம்பளம் நின்னுச்சு. ஐடி கம்பெனியில கிளையன்ட் போனா மொத்த டீமும் பெஞ்சுக்குப் போறது நினைவுக்கு வந்தா, சரியாத்தான் படிக்கிறீங்க.

ஒரே ஒரு நாற்காலி

ஃபார்வர்டு ஆடுறவர்னா கோச் அவரை விங்குல போடலாம், நடுவுல போடலாம், கடைசி 20 நிமிஷம் இறக்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது. 11 பேர்ல ஒருத்தர்தான் கோல்கீப்பர். முதல் கீப்பர் ஃபிட்டா இருந்தா, ரெண்டாவது கீப்பர் சீசன் முழுக்க பெஞ்சுதான். உலகக் கோப்பைக்குப் போற ஒவ்வொரு அணியும் குறைஞ்சது மூணு கோல்கீப்பரைக் கூட்டிட்டுப் போகணும்ங்கிறது விதி. அதுல ரெண்டு பேர் பெரும்பாலும் ஒரு நிமிஷம்கூட ஆடாம வீட்டுக்கு வருவாங்க.

குர்பிரீத்தையே எடுத்துக்குங்க. 22 வயசுல நார்வே போனவர், அங்க முதல் லீக் மேட்ச்ல இறங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த ரெண்டு வருஷமும் தினமும் பயிற்சி, வாரக் கடைசியில பெஞ்சு. அவர் ஊர்ல இருந்திருந்தா அந்த நேரத்துல வாராவாரம் ஆடியிருக்கலாம். ஆனா அங்க கத்துக்கிட்டதுதான் பின்னாடி பெங்களூருல பத்திரமான இடமா மாறுச்சுன்னு நான் நினைக்கிறேன். பெஞ்சுல உட்கார்ந்த காலம் எல்லாருக்கும் இப்படிப் பலன் கொடுக்காது, அதையும் சொல்லிடறேன்.

பெஞ்சையே தொழிலாக்கிக்கிட்டவரும் இருக்கார். இங்கிலாந்து கீப்பர் ஸ்காட் கார்சன். 2019ல மான்செஸ்டர் சிட்டிக்கு வந்து 2025 வரைக்கும் மூணாவது கீப்பரா இருந்தார். ஆறு சீசன்ல ஆடினது மொத்தம் ரெண்டே மேட்ச். கிளப்பை விட்டுப் போகும்போது வயசு 39. சும்மா சம்பளம்னு சிரிக்கலாம். ஆனா அந்த வயசுல மத்த பொசிஷன்ல ரொம்பக் கம்மி பேருக்குத்தான் காண்ட்ராக்ட் கிடைக்கும். ஓட்டம் கம்மி, அனுபவம் ஜாஸ்தி வேணும்ங்கிறதால கோல்கீப்பர் வண்டி மெதுவாக் கிளம்பி ரொம்ப தூரம் ஓடும். இத்தாலியோட டீனோ ஜோஃப் 1982 உலகக் கோப்பையை கேப்டனா ஜெயிச்சப்போ 40 வயசு. எகிப்தோட எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில 45 வயசுல ஆடினார். நம்ம சுப்ரதா பால் 2023லதான் ஓய்வு அறிவிச்சார்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஃபார்வர்டு பத்து கோல் வாய்ப்பைத் தவற விட்டாலும் மறுநாள் மறந்துடுவாங்க. கீப்பர் ஒரு பந்தை விட்டா அது ஸ்கோர் போர்டுல ஏறிடும். லிவர்பூல் கீப்பர் லோரிஸ் காரியஸ், 2018 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ரெண்டு பெரிய தப்பு பண்ணினார். ஆட்டத்துல தலையில அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்துச்சுன்னு பின்னாடி டாக்டர்கள் சொன்னாங்க. ஆனா மார்க்கெட் அதைக் கேட்கல. லோன்ல துருக்கி, அப்புறம் ஜெர்மனி, 2022ல லிவர்பூல் காண்ட்ராக்ட் முடிஞ்சது, நியூகாசில்ல குறுகிய கால ஒப்பந்தம். அப்போ அவருக்கு 29 வயசு. ஒரு கீப்பரோட நல்ல வருஷங்கள் ஆரம்பிக்கிற வயசு அது.

திண்டுக்கல்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க ஃபுட்பால்கூட வேண்டாம், பூட்டு போதும். நம்ம ஊர்ப் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ஆனா அந்தப் பூட்டைக் கையால செய்யத் தெரிஞ்சவங்க இப்ப எத்தனை பேர் மிச்சம்னு பட்டறை இருந்த தெருக்கள்ல கேட்டுப் பாருங்க. கைத்திறமை குறையல, அலிகார்ல இருந்து வந்த விலை குறைஞ்ச பூட்டுகள் மார்க்கெட்டைப் பிடிச்சுக்கிச்சு. ஒரே திறமை, ஒரே நாற்காலி.

தங்கராஜுக்கு யார் சம்பளம் கொடுத்தாங்க?

இப்போ பழைய காலத்துக்கு வாங்க. பீட்டர் தங்கராஜ். பேரைக் கேட்டதும் திண்டுக்கல், திருச்சிப் பக்கம்னு நினைப்பீங்க. பிறந்தது 1935ல ஹைதராபாத். ஆனா அவரை உருவாக்கினது நம்ம நீலகிரிதான். குன்னூர் பக்கம் வெலிங்டன்ல இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர்ல ராணுவ வீரரா சேர்ந்தார். முதல்ல ஆடினது சென்டர் ஃபார்வர்டு. அப்புறம் கோல் கம்பத்துக்கு நடுவுல வந்தார். 1955லயும் 1958லயும் அந்த ராணுவ அணி டியூரண்ட் கோப்பையை ஜெயிச்சது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ல இந்தியா நாலாவது இடம் வந்த அணியில இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்லயும் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல தங்கம். அங்கயும் இந்த ஒற்றை நாற்காலிக் கதை உண்டு. அணியில இன்னொரு கீப்பர் பிரத்யுத் பர்மன். தங்கராஜ் காய்ச்சல்ல கிடந்தார், பர்மன் ஆடினார், ஃபைனலுக்குத் திரும்ப தங்கராஜை இறக்கினார் கோச் ரஹீம். தென் கொரியாவை 2-1ன்னு ஜெயிச்சோம். 1967ல அர்ஜுனா விருது.

இவ்வளவும் பண்ணின மனுஷனோட சம்பளம் எங்கிருந்து வந்துச்சு? ஆரம்பத்துல ராணுவத்துல இருந்து. ஃபுட்பால் அவரோட ட்யூட்டியில ஒரு பகுதி மாதிரி. அப்புறம் கொல்கத்தாவோட பெரிய கிளப்புகள்ல ஆடினார். ஆட்டம் முடிஞ்ச பிறகு பயிற்சியாளர் ஆகி, கடைசியில பொகாரோ எஃகு நகரத்துல நிலைச்சார். 2008ல அங்கேயே காலமானார்.

அந்தக் காலத்துல இந்தியாவுல ஃபுட்பால் பேருக்கு அமெச்சூர். நிஜத்துல நடந்தது என்னன்னா, ஏதாவது ஒரு நிறுவனம் வேலை கொடுக்கும், நீங்க அந்த நிறுவனத்துக்காக ஆடுவீங்க. நம்ம மாநிலத்துலயும் அதே கதைதான். ஐசிஎஃப், இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, கஸ்டம்ஸ்னு சென்னை லீக்ல ஆடின அணிகள் பலதும் அலுவலக அணிகள். இந்தியன் வங்கி அணி தேசிய கால்பந்து லீக் வரைக்கும் ஆடுச்சு. அந்த அணியில இருந்தவர் 33 வயசுல ஆட்டத்தை நிறுத்தினா, மறுநாள் காலையில பிராஞ்சுல போய் கவுன்டர்ல உட்காருவார். பிஎஃப் ஓடிக்கிட்டே இருக்கும், பதவி உயர்வு வரும், 60ல பணிக்கொடை வரும். பெரிய பணம் கிடையாது. ஆனா பணம் வர்றதும் நிக்காது.

ஐஎஸ்எல் காலத்துல இது தலைகீழா மாறிடுச்சு. இப்போ கிளப் கொடுக்கிறது காண்ட்ராக்ட். நல்லா ஆடுறவங்களுக்கு, அதே வயசுல வங்கி கிளார்க் நினைச்சுப் பார்க்க முடியாத தொகை கிடைக்கும். ஆனா காண்ட்ராக்ட் முடியற தேதியில அந்த உறவும் முடிஞ்சுடும். அம்மா சொல்ற போலீஸ் வேலைக்கும், கிளப் கொடுக்கிற 35,000க்கும் நடுவுல இருக்கிற சண்டை, உண்மையில இந்த ரெண்டு காலத்துக்கும் நடுவுல நடக்கிற சண்டைதான்.

கணக்கு

தம்பி நல்லா வர்றார்னே வச்சுக்குவோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கிற எண்கள், எந்தக் கிளப்போட சம்பளப் பட்டியலும் இல்ல. 22 வயசுல தொடங்கி முதல் மூணு வருஷம், வருஷத்துக்கு 3 லட்சம். அடுத்த அஞ்சு வருஷம் முதல் கீப்பர் ஆகி, வருஷத்துக்கு 10 லட்சம். அப்புறம் முழங்கால் அடி, ரெண்டு வருஷம் கிளப் இல்ல. திரும்ப வந்து ரெண்டு வருஷம், 5 லட்சம். 34ல ஓய்வு.

மொத்தம் 9 + 50 + 10 = 69 லட்சம். வரிக்கு முன்னாடி.

நல்லா இருக்கும் அந்த அஞ்சு வருஷத்துல மாசம் 83,000 ரூபாய் வரும். ஊர்ல அவர்தான் ஹீரோ. கார், தங்கச்சி கல்யாணம், மாடி எல்லாமே அந்த 83,000ஐப் பார்த்துத்தான் திட்டம் போடுவாங்க. ஆனா அந்த 69 லட்சத்தை 22ல இருந்து 60 வரைக்கும், அதாவது 38 வருஷத்துக்கு, 456 மாசத்துக்குப் பிரிச்சுப் பாருங்க. மாசம் சுமார் 15,130 ரூபாய். அவ்வளவுதான். இது தோத்துப்போன கீப்பரோட கணக்கு இல்ல, நல்லாவே ஆடின கீப்பரோட கணக்கு.

இந்த ஒரு வகுத்தலை எல்லாரும் ஒரு தடவை பண்ணிப் பார்க்கணும். "மாசம் எவ்வளவு"ன்னு கேட்கிற வீட்டுல "எத்தனை மாசம்"னு யாரும் கேட்கிறதில்ல.

சரி, அந்த அஞ்சு வருஷத்துல மாசம் 40,000 ஒதுக்கினா? வருஷத்துக்கு 8% வளர்ச்சின்னு வச்சா (உத்தரவாதம் கிடையாது), 30 வயசுல கையில சுமார் 29 லட்சம். அதைத் தொடாம 60 வரைக்கும் விட்டா சுமார் 2.95 கோடி. கோடின்னதும் கண்ணு விரியுதுல்ல? 6% விலைவாசி ஏற்றத்தைக் கழிச்சா, அந்தத் தொகை அவரோட 30 வயசு மதிப்புல சுமார் 51 லட்சம்தான். மோசம் இல்ல, ஆனா கோடீஸ்வரன் கதையும் இல்ல. அதுவும் 34ல இருந்து 60 வரைக்கும் சாப்பிட இன்னொரு வேலை இருந்தாத்தான் அந்தப் பணத்தைத் தொடாம விட முடியும். மாசம் 40,000க்குப் பதிலா 10,000 மட்டும் போட்டா, மேல சொன்ன எல்லாத்தையும் நாலால வகுத்துக்குங்க.

இப்போ லோன் கேள்வி

12 லட்சம், 10 வருஷம், 9.5% வட்டின்னா இஎம்ஐ சுமார் 15,500. மொத்தமாத் திருப்பிக் கட்டுறது 18.6 லட்சம். தம்பியோட காண்ட்ராக்ட் 10 மாசம். கடன் 120 மாசம். மீதி 110 மாசத்துக்கு யார் கட்டுவா? 26,000 வாங்குற அண்ணன். அவர் கையில மிஞ்சுறது 10,500. அதுல பெட்ரோல், வீட்டு மளிகை, அப்பாவோட மாத்திரை, நாளைக்கு அவரோட கல்யாணம்.

நண்பருக்கு நான் சொன்ன பதில்: லோன் வேண்டாம். தம்பிக்கு அடுத்த சீசனும் கிடைக்கலாம், இன்னும் அதிகமாவும் கிடைக்கலாம். கிடைச்ச பிறகு பேசுவோம். ஒரு வருமானம் எவ்வளவு காலத்துக்கு எழுத்துல உறுதியோ, அந்தக் காலத்தைத் தாண்டி அதன்மேல இஎம்ஐ ஏத்தக்கூடாது. அண்ணனோட சம்பளத்தை மட்டும் வச்சு எவ்வளவு கட்ட முடியுமோ அதுதான் அந்தக் குடும்பத்தோட உண்மையான கடன் வரம்பு. அப்பாகிட்ட இதைச் சொல்றது கஷ்டம்னு எனக்குத் தெரியும். "தம்பி மேல உனக்கு நம்பிக்கை இல்லையா"ன்னு கேட்பார். தம்பி மேல நம்பிக்கை இருக்கு, 11வது மாசத்து மேலதான் இல்லைன்னு சொல்லுங்க.

தம்பியை அனுப்பலாமா?

அனுப்புங்க. 21 வயசு, தங்குறதும் சாப்பாடும் இலவசம், தெரிஞ்சுக்க இது நல்ல விலை. ஆனா கையெழுத்துக்கு முன்னாடி காண்ட்ராக்ட்டை ரெண்டு தடவை படிக்கணும்.

சம்பளம் எந்தத் தேதிக்குள்ள வரும்னு எழுதியிருக்கான்னு பாருங்க. ஃபிஃபா விதிப்படி, கிளப் ரெண்டு மாசச் சம்பளத்தை உரிய தேதியில கொடுக்காம விட்டா, வீரர் எழுத்துபூர்வமா 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பலாம். அப்பவும் வரலைன்னா காண்ட்ராக்ட்டை நியாயமான காரணத்தோட முறிச்சுட்டு வெளிய வரலாம். பசங்க பலபேர் "கிளப் பகைச்சுக்கும்"னு வாயைத் திறக்காமலே மாசக்கணக்கா உட்கார்ந்திருப்பாங்க. வாட்ஸ்அப்ல கெஞ்சுறது நோட்டீஸ் ஆகாது. ஈமெயில்ல, தேதியோட அனுப்பணும்.

அடுத்தது வரி. பல இடத்துல வீரருக்குச் சம்பளமாக் கொடுக்காம தொழில்முறைக் கட்டணமாக் கொடுப்பாங்க. அப்போ 10% டிடிஎஸ் பிடிப்பாங்க. 35,000ல 3,500 போய் கைக்கு 31,500தான் வரும். பிஎஃப் இருக்காது. ஆனா மொத்த வருமானம் 3.5 லட்சம்தான். புதிய வரி முறையில 4 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது. அதனால ரிட்டர்ன் தாக்கல் பண்ணினா பிடிச்ச 35,000 ரூபாயும் திரும்ப வரும். ரிட்டர்ன் போடலைன்னா போனது போனதுதான். முழுசா ஒரு மாசச் சம்பளம்! இதை அண்ணன் பார்த்துக்கணும், அக்கவுன்ட்ஸ்ல இருக்கார் இல்ல.

இன்சூரன்ஸ். கீப்பருக்கு விரல், தோள், முழங்கால், தலை எல்லாமே வேலைக் கருவி. 2006ல செல்சி கீப்பர் பெட்ர் செக்குக்கு எதிராளியோட முழங்கால் பட்டு மண்டை ஓட்டுல முறிவு. பொழைச்சு வந்து, கடைசி வரைக்கும் தலைக்கவசத்தோடதான் ஆடினார். கிளப்போட இன்சூரன்ஸ் காண்ட்ராக்ட் இருக்கிற வரைக்கும்தான். தனியா ஒரு ஹெல்த் பாலிசி எடுங்க. எடுக்கும்போது, தொழில்முறையா விளையாடும்போது ஏற்படுற காயத்துக்கு விலக்கு இருக்கான்னு கேட்டு, பதிலை எழுத்துல வாங்குங்க. ஏஜென்ட் வாய்வார்த்தையா சொல்றது கிளெய்ம் அன்னைக்குச் செல்லாது.

கைக்கு வர்ற 31,500ல 15,000 தனி அக்கவுன்ட்டுக்குப் போகட்டும். 8,000 வீட்டுக்கு. மிச்சம் அவர் செலவுக்கு. 10 மாசத்துல 1.5 லட்சம் சேரும். இதை ஷேர்ல போடாதீங்க, எஃப்டி போதும். சீசன் முடிஞ்சு அடுத்த கிளப் கிடைக்கிற வரைக்கும், இல்ல அடிபட்டு உட்கார்ந்தா, அவரே அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கிற பணம் இது. மாசச் சம்பளக்காரங்களுக்கு நான் எப்பவும் ஆறு மாசச் செலவு எமர்ஜென்சி ஃபண்ட்னு சொல்வேன். காண்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு 12 மாசம்.

அம்மா சொல்றதையும் தள்ளிடாதீங்க. தமிழ்நாடு அரசு வேலைகள்ல விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கு. சீருடைப் பணியாளர் தேர்வுலயும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. இந்திய மகளிர் அணிக்கு ஆடின கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர், அவங்க வேலையோடவே நாட்டுக்கு ஆடினவங்க. ஆனா ஒண்ணு கவனிங்க. கிளப் லீக்ல 50 மேட்ச் ஆடினேன்ங்கிறது இந்த ஒதுக்கீட்டுக்கு உதவாமலே போகலாம். எந்தப் போட்டி, எந்தச் சங்கம் கொடுத்த சான்றிதழ் செல்லும்னு ஒவ்வொரு அறிவிப்புலயும் பட்டியல் இருக்கும், வயசு வரம்பும் இருக்கும். அந்தப் பட்டியலை இப்பவே எடுத்து வச்சுக்கிட்டு, மாநில அணித் தேர்வுக்குக் கூப்பிட்டா கிளப் விடுவிக்கணும்னு காண்ட்ராக்ட்ல ஒரு வரி கேட்டுப் பாருங்க. சின்னப் பையன் கேட்டா கொடுப்பாங்களான்னா, பத்துல ரெண்டு கிளப் கொடுக்கும். கேட்கிறதுக்குக் காசா பணமா.

டிகிரியை விடக்கூடாது, தொலைதூரக் கல்வியிலயாவது முடிக்கணும். இந்தியப் பெண்கள் அணியோட கோல்கீப்பர் அதிதி சவுஹான் இங்கிலாந்துல லஃப்பரோ பல்கலைக்கழகத்துல ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிச்சுக்கிட்டேதான் 2015ல வெஸ்ட் ஹாம் மகளிர் அணிக்கு ஆடினாங்க. 2025ல ஓய்வு பெறும்போது அவங்ககிட்ட சொந்தமா ஒரு ஃபுட்பால் அகாடமி இருந்துச்சு. கோச்சிங் லைசென்ஸ்ல கோல்கீப்பர் பயிற்சிக்குன்னே தனிப் படிப்பு இருக்கு. ஊருக்கு பத்து கோச் இருக்காங்க, அதுல கீப்பருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. மைதானத்துல ஒரே நாற்காலிதான்னு இவ்வளவு நேரம் பயமுறுத்தினேன். மைதானத்துக்கு வெளிய அதே அபூர்வம் தம்பிக்குச் சாதகமா வேலை செய்யும்.

உங்களுக்கு

நீங்க கோல்கீப்பர் இல்ல. ஆனா உங்கள்ல எத்தனை பேர் ஆஃபர் லெட்டர்ல "ஃபிக்ஸட் டெர்ம்", "காண்ட்ராக்ட்", "பிராஜெக்ட் முடியும் வரை"ன்னு இருக்கிறதைப் படிக்காமலே பைபாஸ் பக்கம் பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கீங்க? அந்த லெட்டரை இன்னிக்கு எடுத்து, முடியற தேதியைப் பாருங்க. நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்னு பாருங்க. நிரந்தர வேலைன்னு எழுதியிருந்தாலும், உறுதியா வர்றது அந்த நோட்டீஸ் நாட்களுக்கான சம்பளம்தான். ஃபிக்ஸட் டெர்ம்ல இருக்கிறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, ஒரு வருஷம் முடிச்சாலே பணிக்கொடை உண்டு, அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டாம். ஹெச்ஆர்கிட்ட கேளுங்க.

அப்புறம் அந்த வகுத்தல். இந்த வேலை, இதே சம்பளத்துல, இன்னும் எத்தனை வருஷம் ஓடும்னு மனசாட்சியோட ஒரு எண் எழுதுங்க. சம்பளத்தோட அதைப் பெருக்கி, 60 வயசு வரைக்கும் மிச்சம் இருக்கிற மாசங்களால வகுங்க. வர்ற எண்ணை உங்க இப்போதைய மாசச் செலவோட பக்கத்துல வச்சுப் பாருங்க. இதுக்கான எக்செல் ஷீட்டை சேனல்ல வர்ற ஞாயிற்றுக்கிழமை வீடியோவுல திறந்து, அந்த நண்பரோட எண்களையே வச்சு வரிவரியாப் போட்டுக் காட்டுறேன். அவர் சம்மதம் சொல்லிட்டார். அப்பா இன்னும் சொல்லல, மாடிக்கு கொத்தனார்கிட்ட ரேட் கேட்டு வச்சிருக்காராம்.